கண்மாய்க்கரை அட்மிரல்கள்

கராச்சித் துறைமுகத்தை நாங்கள் கொளுத்தியது 2025 மே 8 ராத்திரி. நாங்கள் என்றால், அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்ற பத்துப் பதினைந்து பேர். இந்தியா-பாகிஸ்தான் சண்டை நடந்த நாட்கள். செல்போனில் இந்திச் சேனல் ஓடியது. எங்களில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. கராச்சி, விக்ராந்த் என்ற இரண்டு சொல் காதில் விழுந்தது. கொளுத்துவதற்கு அது போதும். திரையில் ஏதோ ஒரு ஊர் எரிந்தது. அது எந்த ஊர், எந்த வருஷத்து நெருப்பு என்று கேட்கிற துரோகி எங்களில் எவனும் இல்லை.

ஸ்டூடியோவுக்கு உள்ளேயே சைரன் ஊதினார்கள். ஏ.சி. அறையில், பவுடர் பூசிய முகத்துக்குப் பின்னால், குண்டு விழப்போகிறது ஓடு ஓடு என்று ஊதியது. கடைசியில் அரசாங்கமே தலையிட்டு, நிகழ்ச்சிகளில் வான்தாக்குதல் சைரனைப் போடாதீர்கள், நிஜமாக ஊதுகிற அன்றைக்கு ஜனங்கள் டிவி என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிடுவார்கள் என்ற பொருளில் சேனல்களுக்குப் புத்தி சொல்லவேண்டி வந்தது. எதிரியின் விமானத்தைப் பார்க்கிற வேலையோடு, சொந்த டிவிக்காரன் வாயைப் பொத்துகிற வேலையும் அரசாங்கத்தின் தலையில் விழுந்தது.

விடிந்து பார்த்தால் கராச்சி இருந்த இடத்தில் இருந்தது. எந்தக் கப்பலும் எதையும் சுடவில்லை. மே 11 அன்று கடற்படையின் வைஸ் அட்மிரல் பிரமோத் நிருபர்களுக்கு விளக்கினார்: வட அரபிக் கடலில் முழுத் தயாராக நின்றோம், கராச்சி உட்பட எங்கே அடிக்க நினைத்தாலும் அடிக்கக்கூடிய நிலையில் இருந்தோம். தயாராக நின்றோம் என்றால் அடிக்கவில்லை என்று அர்த்தம். நடுக்கடலில், ஏவுகணையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களுக்கு அந்தப் பொறுமை இருந்தது. டீக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எங்களுக்கு இல்லை.

எங்களுடைய கடற்படைத் தகுதியையும் சொல்லிவிட வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, பந்தல்குடி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மானாவாரி. குண்டாறு என்று ஒன்று உண்டு. மணலும் சீமைக்கருவேலமும் ஓடுகிற ஆறு. கண்மாய்கள் ஏராளம். மழை பெய்த வருஷம் தண்ணீர் நிற்கும், பெய்யாத வருஷம் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். குடிக்கிற தண்ணீர் தாமிரபரணியிலிருந்து குழாயேறி வரவேண்டும். குழாய் உடைந்தால் லாரித் தண்ணீர், குடம் பத்து ரூபாய். இப்படிப்பட்ட சீமையில், ஒரு மடை ஷட்டரைச் செப்பனிடச் சொல்லி மனுக்கொடுத்துவிட்டு இரண்டு வருஷம் சத்தமில்லாமல் காத்திருக்கிறவன், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அரபிக் கடலுக்கே தளபதியாகிவிடுகிறான்.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. திருச்சுழிக் கோயிலின் தலபுராணத்தில், ஊரை அழிக்க வந்த பிரளய வெள்ளத்தைச் சிவன் தன் சூலத்தால் பூமியைத் துளைத்து உள்ளே இறக்கினார் என்று வரும். சூலதீர்த்தம் என்று குளமே உண்டு. கடலையே சூலத்தால் வற்றவைத்த ஊர்க்காரர்கள் நாங்கள். அதற்கப்புறம் தண்ணீர் மேலே வரவே இல்லை என்பது வேறு விஷயம். 1971 இந்தியா-பாகிஸ்தான் போரில் கராச்சியை நிஜமாகவே எரித்த நடவடிக்கைக்குக் கடற்படை வைத்த பெயரும் திரிசூலம்தான்: ஆபரேஷன் ட்ரைடன்ட். அதை நடத்தியவர் எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் பிறந்தவர். மே 8 ராத்திரி அந்த டீக்கடையில் அவர் பெயரைச் சொல்ல ஒரு ஆள் கிடையாது.

காசர்கோடு பட்டணஷெட்டி கோபால் ராவ். 1926இல் மதுரையில் பிறந்தவர். 1971 டிசம்பர் 4 அன்று கமாண்டர் பதவியில், ஐ.என்.எஸ். கில்தான் கப்பலின் தலைவராக இருந்தார். அவரிடம் கொடுக்கப்பட்டது ஒரு சின்னக் கூட்டம்: கில்தான், கச்சால் என்று இரண்டு கப்பல்கள், நிர்காட், நிபட், வீர் என்று மூன்று ஏவுகணைப் படகுகள். படகுகளின் அணித்தலைவர் கமாண்டர் பப்ரு பான் யாதவ். மொத்தக் கூட்டத்தையும் நடத்திக்கொண்டு போகிற பொறுப்பு கோபால் ராவுடையது.

அந்தப் படகுகளின் கதையே ஒரு கேலிக்கூத்து. சோவியத்தில் கரையோரக் காவலுக்கென்று செய்தவை. கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினால், பம்பாயில் அவற்றை இறக்குகிற அளவுக்குப் பெரிய கிரேன் இல்லை. கல்கத்தாவில் இறக்கி, அங்கிருந்து தீபகற்பம் முழுவதையும் சுற்றி பம்பாய்க்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். கிரேன் இல்லாத துறைமுகத்துக்குப் படகு வாங்குவது நம் சர்க்காருக்கே வரும் கலை. டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் மெஷின் வாங்குவதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். ஆனால் கடற்படையில் யாரோ யோசித்திருக்கிறார்கள்: இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வர முடிந்ததென்றால், கராச்சி பக்கம் வரைக்கும் ஏன் இழுத்துக்கொண்டு போகக்கூடாது? டாங்க் சின்னது, எண்ணெய் சீக்கிரம் தீரும். அதனால் பாதி வழி இழுவை, மீதி வழி சொந்த ஓட்டம்.

ஒரு கமாண்டருக்கு அந்த ராத்திரி என்னவாக இருந்திருக்கும் என்று டிவி பார்க்காமல் கொஞ்சம் யோசிக்கலாம். பாகிஸ்தான் விமானங்களுக்கு இரவில் கடலில் கப்பலைத் தேடி அடிக்கிற வசதி இல்லை. ஆகவே பொழுது சாய்ந்த பிறகு நெருங்க வேண்டும், பொழுது விடிவதற்குள் விமானத்துக்கு எட்டாத தூரம் திரும்பிவிட வேண்டும். இதற்கு நடுவில் ஒரு படகு என்ஜின் மக்கர் செய்தால் நின்று கட்டி இழுப்பதா, ஆட்களை ஏற்றிக்கொண்டு விட்டுவிட்டு வருவதா என்று ஒரே ஆள் ஒரே நிமிஷத்தில் முடிவெடுக்க வேண்டும். ஓட்டெடுப்பு நடத்த முடியாது, விளம்பர இடைவேளை கிடையாது. தண்ணீருக்கடியில் எதிரியின் நீர்மூழ்கி எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. படகுக்காரர்கள் சோவியத்தில் பயிற்சி எடுத்தவர்கள். ஒட்டுக்கேட்கிறவனுக்குப் புரியக்கூடாது என்று வயர்லெஸ்ஸில் ருஷ்ய மொழியில் பேசிக்கொண்டார்கள். ரகசியம் காப்பதற்காகத் தெரிந்த மொழியையே விட்டுவிட்டுப் பேசினார்கள் அவர்கள். படை எந்தத் திசையில் போகிறது என்று அம்புக்குறி போட்டு நேரடி ஒளிபரப்புச் செய்கிறார்கள் இவர்கள்.

எதிரில் தெரிந்ததும் கப்பல் இல்லை, ராடார் திரையில் ஒரு புள்ளி. ஏவுகணைக்குப் போர்க்கப்பல், சரக்குக் கப்பல் என்ற பேதம் தெரியாது. இரவு பதினோரு மணி வாக்கில் நிர்காட் விட்ட ஏவுகணைகளில் கைபர் என்ற நாசகாரி மூழ்கியது. அதில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கடைசி வரைக்கும் தங்களை அடித்தது விமானம் என்றே அவர்கள் நினைத்தார்கள். அப்படித்தான் கரைக்குச் செய்தி அனுப்பினார்கள். முஹாபிஸ் என்ற கண்ணிவாரிக் கப்பல் போனது. வீனஸ் சேலஞ்சர் என்ற சரக்குக் கப்பலும் போனது. கராச்சியின் கேமாரியில் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்தன. நம் பக்கம் ஒரு உயிர்ச்சேதம் இல்லை. கோபால் ராவ் போன மாதிரியே கூட்டத்தைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தார். அவருக்கும் யாதவுக்கும் மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். அந்த நாளைத்தான் வருஷாவருஷம் டிசம்பர் 4 அன்று கடற்படை தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

இதற்கு ஒரு பின்குறிப்பு உண்டு. சேனல் முதலாளிகள் சட்டம்போட்டு மாட்டவேண்டியது. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 6 அன்று, இந்தியப் படகு மறுபடி வந்துவிட்டது என்று கராச்சியில் பதற்றம். பாகிஸ்தான் விமானங்கள் பாய்ந்து வந்து ஒரு கப்பலை அடித்து நொறுக்கின. அது அவர்களுடைய சொந்தக் கப்பலான ஜுல்பிகார். சரிபார்க்காமல் சுட்டால் அப்படித்தான். அவர்கள் அடித்தது சொந்தக் கப்பலை. 2025இல் நம் சேனல்கள் அடித்தது சொந்த ஜனங்களின் புத்தியை. அதை எந்தத் துறைமுகத்துக்கும் இழுத்துக்கொண்டு போய்ப் பழுதுபார்க்க வழியில்லை.

டிசம்பர் 4 கடற்படை தினம். சரி, டிசம்பர் 9 என்ன தினம்? கேட்டுப் பாருங்கள். எங்கள் டீக்கடையில் மூன்று பேர் கூகுள் பார்த்துவிட்டு, சோனியா காந்தி பிறந்தநாள் என்றார்கள். 1971இல் அந்தத் தேதி ராத்திரி தியூவுக்கு அப்பால் கடலில் ஐ.என்.எஸ். குக்ரி நீர்மூழ்கி வேட்டைக்குப் போனது. கப்பலில் சோனார் கருவிக்குப் புதிதாக ஒரு மேம்பாட்டைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதற்காக வேகத்தைக் குறைத்து ஓடவேண்டியிருந்தது. நீர்மூழ்கி உலாவுகிற இடத்தில் மெதுவாகப் போகிற கப்பல். பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி அடித்த டார்பிடோவில் சில நிமிஷங்களில் மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன் உயிர்காப்பு உடையை ஒரு மாலுமியிடம் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனார். அந்த 194 பேரில் ஒருவரின் உடலுக்கும் மாலைபோட்டுச் செல்ஃபி எடுக்க வழியில்லாமல் கடல் வைத்துக்கொண்டது. அதனால்தானோ என்னவோ அந்தத் தேதிக்கு ஃப்ளெக்ஸ் இல்லை. ஜெயித்த ராத்திரிக்கு விழா, செத்த ராத்திரிக்கு தியூவில் கடலோரம் ஒரு நினைவுச்சின்னம்.

எங்கள் தெருவில் ஒரு சித்தப்பா இருக்கிறார். கடற்படையில் பதினைந்து வருஷம், எல்லாம் பாய்லர் ரூமில். கராச்சி எரிந்த செய்தியை அவரிடம்தான் முதலில் கொண்டுபோனேன், சந்தோஷப்படுவார் என்று. திண்ணையில் உட்கார்ந்து மல்லி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகை நிறுத்தவில்லை.

“யாருப்பா சொன்னா?”

“டிவியில சித்தப்பா.”

“கப்பல்ல இருக்கவனுக்கே தெரியாதுப்பா. நாங்கள்லாம் கீழ கெடப்போம். மேலருந்து மணி வரும், ஸ்டீம் குடுப்போம். அடிச்சமா, அடிவாங்குனமான்னு விடிஞ்சு மேல வந்தாத்தான் தெரியும். இவனுகளுக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சுச்சு?”

கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே சொன்னார்: “நமக்கு ஒரு குழி வெளைஞ்சா மூணு வருசம் காயும். நேவிப் பென்சன்லதான் மூணு பிள்ளையளும் படிச்சிச்சு.”

பாய்லர் என்றதும் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் ஞாபகம் வருகிறது. இப்போதைய விக்ராந்த் இல்லை, பழையது. 1971 போரின்போது அதன் நான்கு பாய்லரில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. ஓடவேண்டிய வேகத்துக்கு அது ஓடாது. ஓரமாகக் கட்டிவைத்துவிடலாம் என்ற பேச்சு இருந்தது. கிழக்குக் கட்டளையின் தலைவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர், இருக்கிற மூன்று பாய்லரோடு கொண்டுபோகிறேன் என்று கொண்டுபோனார். அதைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கியைத் திசைதிருப்ப, விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்துவைத்துவிட்டு, விசாகப்பட்டினத்துக் காண்டிராக்டர்களிடம் ஒரு பெரிய கப்பலுக்கு ஆகிற அளவு கறியும் காய்கறியும் ஆர்டர் கொடுத்தார். சந்தையில் பேச்சுப் பரவும், பேச்சு எதிரிக்குப் போகும் என்று கணக்கு. வதந்தியைக் கிளப்புவது அன்றைக்குக் கடற்படையின் ஆயுதம், எதிரிமேல் வீசினார்கள். காஸி விசாகப்பட்டினத்து வாசலில் மூழ்கியது. விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜாரிலும் சிட்டகாங்கிலும் குண்டு போட்டன. டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாஸி சரணடைந்து கையெழுத்துப் போடுகிற அந்தப் புகழ்பெற்ற படத்தை எடுத்துப் பாருங்கள். பின்னால் நிற்கிறவர்களில் கடற்படைக்காரர் கிருஷ்ணன்தான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தே வளர்ந்தோம். அவர் நம்மூர்க்காரர் என்று ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை.

அப்பேர்ப்பட்ட கப்பலுக்கு நாடு என்ன செய்தது? 1997இல் ஓய்வு கொடுத்தார்கள். மும்பையில் சில வருஷம் அருங்காட்சியகமாக நின்றது. பராமரிக்கக் காசில்லை என்று 2012இல் மூடினார்கள். வழக்கு நடந்தது, கோர்ட் சரி என்றது. சுமார் 60 கோடிக்கு ஏலம். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் கூவிக்கொண்டு வருகிறவன்கூடப் பாத்திரத்தைக் கையில் வாங்கி ஒரு தரம் திருப்பிப் பார்ப்பான். 2014இல் உடைக்க ஆரம்பித்தார்கள். அதில் கொஞ்சம் இரும்பை பஜாஜ் கம்பெனி வாங்கி, 2016இல் பைக் செய்து விற்றது. விக்ராந்தின் உலோகம் கலந்த வண்டி என்று விளம்பரம். எங்கள் நான்குவழிச் சாலையில் அது ஓடும். பெட்ரோல் டாங்கில் தேசியக்கொடி ஸ்டிக்கரோடு. மூன்று பாய்லரோடு ஒரு போரை ஜெயித்த கப்பலை நிறுத்திவைக்க இந்த நாட்டில் இடமும் காசும் கிடைக்கவில்லை. ஓட்டிக்கொண்டு போக ரோடு கிடைத்தது, இ.எம்.ஐ.யில்.

இரும்புக்கு அந்தக் கதி என்றால் ஆளுக்கு என்ன கதி என்று கேட்பீர்கள். 2015 ஆகஸ்ட் 14. சுதந்திர தினத்துக்கு முதல்நாள். ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் கேட்டு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்த முன்னாள் படைவீரர்களைப் பாதுகாப்புக் காரணம் சொல்லிப் போலீஸ் பிடித்துத் தள்ளியது. கிழவர்கள், சட்டையில் பதக்கம் குத்தியவர்கள். யாரிடமிருந்து யாருக்குப் பாதுகாப்பு என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. மகாவீர் சக்ரா வாங்கியவர்களுக்கு மத்திய அரசு 2017 முதல் கொடுத்துவரும் மாதப்படி 10,000 ரூபாய். எங்கள் ஊரில் ஒரு வட்டச் செயலாளரின் பிறந்தநாளுக்கு நாலு முக்குச் சந்தில் வைக்கிற ஃப்ளெக்ஸுக்கு அது பத்தாது.

விடியற்காலை நாலரை மணிக்குத் திருச்சுழிப் பக்கம் எந்தக் கண்மாய்க் கரைக்கு வேண்டுமானாலும் வாருங்கள். பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். செல்போன் டார்ச்சில் ஒருத்தன் நேரம் பார்ப்பான். கருவேல முள் குத்தினால் உட்கார்ந்து பிடுங்கிவிட்டு மறுபடி ஓட்டம். 1.6 கிலோமீட்டரை எத்தனை நிமிஷத்தில் என்பதுதான் பேச்சு. அப்பா கரிமூட்டம் போடுகிறவர், அம்மா மில்லுக்குப் போகிறவள். இவன் கனவு ஒடிசாவில் கடற்படையின் சில்கா பயிற்சி நிலையம். கிடைத்துவிட்டால்? 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டப்படி நான்கு வருஷம். அதற்கப்புறம் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைக்கும் வைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் ஊருக்கு. கையில் பத்துப் பதினோரு லட்சம், அதிலும் பாதி அவன் சம்பளத்தில் பிடித்தது. பென்ஷன் கிடையாது. பணிக்கொடை கிடையாது. முன்னாள் படைவீரர் என்ற பெயர்கூடக் கிடையாது. கடலை உள்ளங்கையில் படிக்க ஒரு மாலுமிக்கு எத்தனை வருஷம் ஆகும் என்று சித்தப்பாவைக் கேளுங்கள். பாய்லரின் சத்தம் புரியவே நாலு வருஷம் ஆச்சு என்பார்.

இந்தத் திட்டத்தைச் சிக்கனம் என்றார்கள், இளமை என்றார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ராணுவ வீரனின் கால்தூசியை நெற்றியில் பூசிக்கொள்கிற அதே வாய்கள்தான். அவன் சாகும்வரைக்கும் தெய்வம். செத்தால் தியாகி. உயிரோடு திரும்பி வந்து பென்ஷன் கேட்டால் மட்டும் கஜானாவுக்குப் பாரம்.

கமாண்டர் கோபால் ராவ் கொமோடோராக ஓய்வு பெற்று, 2021 ஆகஸ்டில், 94 வயதில் சென்னையில் காலமானார். கராச்சி எரிந்த அந்த ராத்திரிக்கு அப்போது ஐம்பதாவது வருஷம். இந்த டிசம்பர் 4க்கு எங்கள் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டாயம் வரும். வைக்கப்போகிற அண்ணன்மார்களுக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் படத்தைப் பெரிதாகவே போட்டுக்கொள்ளுங்கள், கையில் ஒரு ஏவுகணையைக்கூடக் கொடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் இரண்டு அங்குல இடத்தில் அந்த மதுரைக்காரரின் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் போடுங்கள். 2026 கடைசியிலிருந்து நாலு வருஷம் முடித்த பையன்கள் ஒவ்வொருத்தராகத் திரும்பி வருவார்கள். அவர்களுக்குப் பென்ஷன் வேண்டும் என்று டெல்லிக்கு ஒரு மனு எழுதிவைத்திருக்கிறேன். ஃப்ளெக்ஸ் கட்டி முடித்த கையோடு அதிலும் ஒரு கையெழுத்துப் போடுங்கள். முதல் கையெழுத்து பாய்லர் ரூம் சித்தப்பாவுடையது. இரண்டாவது இடம் காலியாக இருக்கிறது.